சுற்றமும் நட்பும் சூழ ஒரு கொலை

என்னை என் வீட்டிலேயே, என் சொந்த ஈஸிசேரில் வைத்து, நான் பெற்ற மகளே கொலை செய்தாள். ஒரு தடவை இல்லை சார், 11 தடவை. முதல் பத்திலும் நான் ஒழுங்காகச் சாகவில்லையாம்.

"அப்பா, செத்தப்புறம் மூக்கைச் சொறியக் கூடாதுப்பா!"

"கொசு கடிச்சா?"

"செத்தவங்களுக்குக் கொசு கடிச்சா தெரியாதுப்பா."

பிறந்ததிலிருந்து மடிப்பாக்கத்தில் இருக்கிறவள் பேசுகிற பேச்சா இது? எங்கள் ஏரியா கொசு செத்தவனையும் எழுப்பி உட்கார வைக்கும்.

பயப்படாதீர்கள். பாப்பா விஷுவல் கம்யூனிகேஷன் மூன்றாம் வருஷம். (வயசு 20. வீட்டில் இன்னும் பாப்பாதான். யூனிட் ஆட்கள் எதிரில் அப்படிக் கூப்பிட்டுவிட்டால் மட்டும் முறைப்பாள்.) கடைசி செமஸ்டரில் ஆளுக்கொரு குறும்படம் எடுத்துக் காட்ட வேண்டும். பாப்பா எடுத்தது த்ரில்லர். முகமூடி போட்ட ஒருத்தன் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்று பேரை வரிசையாகப் போனில் கூப்பிடுகிறான், பேசுகிறான், பேசி முடித்ததும் தீர்த்துக் கட்டுகிறான். மொத்தம் 14 நிமிஷம். 14 நிமிஷத்தில் மூன்று கொலை என்றால் எங்கள் ஃப்ளாட்டுக்குத் தண்ணி லாரி வருவதைவிட வேகம்.

ஆனால் நான் சொல்ல வந்தது கொலையைப் பற்றி அல்ல. அதற்கு முன்னால் வந்த ஒரு கேள்வியைப் பற்றி.

ஷூட்டிங் போவதற்கு முன் ஒரு ஃபைல் கொடுக்க வேண்டுமாம். கதை, ஷாட் பிரிப்பு, பட்ஜெட் எல்லாம் எழுதி, நடுவில் ஒரு பக்கம் 'டார்கெட் ஆடியன்ஸ்'. அதாவது இந்தப் படத்தை யாருக்காக எடுக்கிறாய், யாரைக் குறி வைக்கிறாய் என்று. பாப்பா அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தாள். 'எல்லாரும்.'

வாத்தியார் பக்கத்தைச் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பி அனுப்பிவிட்டார். கீழே ஒரு குறிப்பு: 'சுற்றமும் நட்பும் சூழ வருக என்று கல்யாணப் பத்திரிகையில் போடலாம். த்ரில்லரில் போடக் கூடாது.'

பாப்பா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். எனக்கு ரோஷம் வந்தது.

"சரியாத்தானே எழுதியிருக்கே? எம்.ஜி.ஆர். படத்தை எல்லாரும்தானே பார்த்தாங்க?"

"அப்பா, அது எம்.ஜி.ஆர். இது நீங்க."

(அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும், என்னை நடிக்க வைக்கத் திட்டம் போட்டிருக்கிறாள் என்று.)

அந்த வாத்தியார் சாமானியர் இல்லை. உன் ரசிகனுக்கு என்ன வயசு? எங்கே உட்கார்ந்து பார்ப்பான், தியேட்டரிலா, போனிலா, பஸ்ஸில் தொங்கிக்கொண்டேவா? தனியாகப் பார்ப்பானா, நாலு பேரோடா? இதற்கு முன்னால் எதைப் பார்த்துப் பயந்தவன்? எந்த சர்டிஃபிகேட் வாங்குவாய்? கேள்வி கேள்வியாக எழுதிக் கொடுத்திருந்தார். சர்டிஃபிகேட்டிலும் இப்போது கணக்கு ஜாஸ்தி. முன்பெல்லாம் யு/ஏ என்றால் ஒரே யு/ஏதான். 2024-ல் விதியை மாற்றி 7 வயசுக்கு மேல், 13-க்கு மேல், 16-க்கு மேல் என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்கள்.

"84-க்கு மேலே ஏதும் இல்லையா?" என்று கேட்டார் என் அம்மா, வெற்றிலை இடித்தபடி.

அன்று ராத்திரி எங்கள் வீட்டில் இதே பேச்சு. பாப்பாவுக்கு குலதெய்வம் கிறிஸ்டோபர் நோலன். அவர் முதல் படம் 'ஃபாலோயிங்', 1998. அதுவும் த்ரில்லர்தான். கூட்டாளிகள் எல்லாரும் வாரம் முழுக்க வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் வார விடுமுறையில் மட்டும் எடுத்து எடுத்து ஒரு வருஷம் இழுத்ததாம். செலவு சுமார் 6,000 டாலர்தான். "அந்த மாதிரி படம் பார்க்கிற யூத்துதான்ப்பா என் ஆடியன்ஸ்" என்றாள்.

நான் விடுவேனா? "லண்டனுக்கு ஏன் போறே? நம்மூர்ல 'ஊமை விழிகள்' இல்லியா?" என்றேன். 1986. திரைப்படக் கல்லூரியில் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் சேர்ந்து எடுத்த த்ரில்லர். ஆபாவாணன் எழுதித் தயாரிக்க, அரவிந்தராஜ் இயக்கினார். விஜயகாந்த் ஹீரோ. கல்லூரிப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும் என்று கோடம்பாக்கம் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. சினிமாஸ்கோப்பில் எடுத்து வாயடைத்தார்கள். நான் தொலைபேசித் துறையில் வேலைக்குச் சேர்ந்த வருஷமும் அதுதான். முதல் சம்பளத்தில் பார்த்துவிட்டு ராத்திரி ரூமுக்குத் தனியாக நடந்து வந்தவன், வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அந்தப் படத்துக்கு டார்கெட் நான்தான். என் மாதிரி தனியாக ரூம் எடுத்துத் தங்கிய பையன்கள்.

அம்மா குறுக்கே வந்தார். "நான் சின்னப் பொண்ணா இருக்கச்சே பாட்டே இல்லாம ஒரு படம் வந்துது. சிவாஜி நடிச்சது. எங்கப்பா திட்டிக்கிட்டே வந்தாரு, இதுக்கு நாலணா தண்டம்னு."

'அந்த நாள்'. 1954. எஸ். பாலசந்தர் டைரக்ஷன், ஏவி.எம். தயாரிப்பு. பாட்டு, டான்ஸ், சண்டை எதுவும் கிடையாது. ஒரு கொலை, ஆளுக்கொரு சாட்சி. வந்த புதிதில் வசூல் ஆகவில்லை. இன்றைக்குப் பாப்பாவின் வகுப்பில் அதைப் பாடமாகப் போட்டுக் காட்டுகிறார்கள். என் தாத்தாவின் நாலணா தண்டம், அவர் கொள்ளுப்பேத்திக்குப் பாடம்!

கடைசியில் பாப்பா எழுதிக் கொடுத்தது: 'வயது 18 முதல் 25. கல்லூரி மாணவர்கள். நகரவாசிகள். இரவில் ஹெட்போன் போட்டுத் தனியாக மொபைலில் பார்ப்பவர்கள்.' வாத்தியார் ஒப்புக்கொண்டார். ஆனால், எடுத்து முடித்ததும் கல்லூரிக்கு வெளியே ஒரு கூட்டத்துக்குப் போட்டுக் காட்டி, எழுதியது சரியா என்று பார்த்து வர வேண்டும் என்று ஒரு கொக்கி போட்டார்.

ஷூட்டிங்கைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. அஞ்சு பிள்ளைகள் மூன்று நாள் எங்கள் வீட்டில் டேரா. எலுமிச்சை சாதம், தயிர் சாதம், மறுபடி எலுமிச்சை சாதம். முதல் பலி ஆகும் கிழவராக நடிக்க ஒருத்தர் நாளுக்கு 5,000 ரூபாய் கேட்டதால் அடியேன் உள்ளே வந்தேன். முதல் நாளே சண்டை. கதைப்படி முகமூடிக்காரன் டெலிபோன் வயரை அறுத்த பிறகும் வீட்டு டயல் போன் மணி அடிக்கும். நான் மறுத்தேன். எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 75 வோல்ட் வந்தால்தான் மணியே அடிக்கும், வயரை அறுத்தால் பிணம்கூட அடிக்காது என்றேன். 34 வருஷ சர்வீஸ் பேசியது.

"விடுங்க அங்கிள், யூத்துக்கு லேண்ட்லைன் எப்படி வேலை செய்யும்னே தெரியாது" என்றான் கேமரா பையன்.

நியாயம்தான். தெரியாதவனை ஏமாற்றலாம். ஆனால் தெரியாதவன் பயப்படவும் மாட்டானே? டயல் போனையே பார்த்திராதவனுக்கு அது அடித்தால் என்ன, அடிக்காவிட்டால் என்ன? பாப்பா யோசித்துவிட்டு டயல் போனைத் தூக்கிவிட்டு செல்போன் வைத்தாள்.

அப்புறம்தான் அந்த சீன். செல்போனில் ஒரு குரல், பெரிய ஆபீசர் மாதிரி: 'நான் சொல்ற வரைக்கும் போனை வைக்கக் கூடாது. வீட்ல யாருக்கும் தெரியக் கூடாது. எழுந்து போய் கதவைச் சாத்துங்க.' கிழவர் எழுந்து போய் பெட்ரூம் கதவைச் சாத்திவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார வேண்டும். 50 வினாடி. வசனம் கிடையாது.

ஒரே டேக்கில் ஓகே ஆகிவிட்டது.

"அங்கிள், செம!" என்று சவுண்டு பையன் கை கொடுத்தான். சாவதற்கு 11 டேக் வாங்கியவன், கதவைச் சாத்துவதற்கு ஒன்றுதான். காபி தம்ளர்களோடு வாசற்படியில் நின்ற என் மனைவி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று சாப்பாட்டு மேஜையில் பாப்பா எனக்கு ஹிட்ச்காக் பாடம் நடத்தினாள். த்ரூஃபோ என்ற பிரெஞ்சு டைரக்டர் அவரை நாள் கணக்கில் பேட்டி கண்டு 1966-ல் புத்தகமாகப் போட்டாராம். அதில் வருகிற வெடிகுண்டுக் கதை. ரெண்டு பேர் மேஜையில் உட்கார்ந்து சும்மா பேசிக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று குண்டு வெடிக்கிறது. பார்க்கிறவனுக்கு 15 வினாடி அதிர்ச்சி, அவ்வளவுதான். அதே சீனில், மேஜைக்கு அடியில் குண்டு இருப்பது முன்னாடியே நமக்குத் தெரியும், பேசுகிறவர்களுக்குத் தெரியாது என்று வையுங்கள். அவர்கள் கிரிக்கெட் பேசினாலும் நமக்கு 15 நிமிஷம் வயிறு கலங்கும். ஏய், அடியில பாருடா என்று கத்தத் தோன்றும்.

"குண்டு இருக்கட்டும், மேஜைக்கு அடியில உங்கப்பா போட்ட துண்டு கிடக்கு, அதை எடு முதல்ல" என்றாள் மனைவி.

*

மார்கழி மாதம், ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ஃப்ளாட் மொட்டை மாடி. வாடகை புரொஜக்டர். திரை என் எட்டு முழ வேட்டி, துணி காயப் போடும் கொடியில் கிளிப் போட்டு மாட்டியது. 12 வீட்டுக்கும் அழைப்பு போயிற்று. வந்தது 23 பேர். பாப்பாவின் வகுப்புப் பிள்ளைகளும் எங்கள் ஃப்ளாட் வாலிபர்களுமாக ஒன்பது. குல்லா, மஃப்ளர் கட்டிய பெரிசுகள் எட்டு. வாண்டுகள் நாலு. வாட்ச்மேன், இஸ்திரிக்காரர்.

வாத்தியார் ஒரு ரகசியம் சொல்லி அனுப்பியிருந்தார். 'படத்தைப் பார்க்காதே. பார்க்கிறவர்களைப் பார்.' அதனால் பாப்பா வேட்டிக்குப் பக்கத்தில், ஜனங்களைப் பார்த்தபடி, கச்சேரிக்கு உட்கார்ந்த வித்வான் மாதிரி சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மடியில் ஒரு நோட்டு. எவன் முகத்தில் நீல வெளிச்சம் அடிக்கிறதோ அவன் செல்போனை எடுத்துவிட்டான், அதாவது படம் அவனை விட்டுவிட்டது. நிமிஷத்துக்கு நிமிஷம் எத்தனை நீல முகம் என்று எண்ணி எழுத வேண்டும். இதைவிட நேர்மையான விமர்சனத்தை நான் எந்தப் பத்திரிகையிலும் படித்ததில்லை.

படம் ஆரம்பித்தது. முகமூடிக்காரன் படி ஏறினான். மியூசிக் அலறியது.

"ஐ! இது பாப்பா அக்காவோட ஃப்ரெண்டு! செருப்பைப் பாரு!" என்றது முன் வரிசை வாண்டு.

அந்த நேரம் பார்த்து அசோசியேஷன் செகரட்டரி சுண்டல் தூக்கோடு தாமதமாக வந்து, புரொஜக்டருக்குக் குறுக்கே நின்று எல்லாரையும் விசாரித்தார். 1960-ல் 'சைக்கோ' வந்தபோது படம் தொடங்கின பிறகு யாரையும் உள்ளே விடக்கூடாது என்று ஹிட்ச்காக் தியேட்டர்களுக்குக் கண்டிப்பாகச் சொல்லி வைத்தாராம். அவருக்கு எங்கள் செகரட்டரியைத் தெரியாது.

மூன்றாவது நிமிஷம் நீல முகம் ரெண்டு. நாலாவது நிமிஷம் அஞ்சு. எல்லாம் 18 முதல் 25. எந்த வயசைக் குறி வைத்து ஃபைலில் எழுதினாளோ அந்த வயசு. பாப்பா உதட்டைக் கடித்துக்கொண்டு எழுதினாள்.

அஞ்சாவது நிமிஷம் நான் வந்தேன். போன் அடித்தது. எடுத்தேன். அந்தக் குரல் பேச ஆரம்பித்தது. வாலிபப் பக்கம் இன்னும் ரெண்டு முகம் நீலமாயிற்று. ஒரு கிழவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பதில் அதுகளுக்கு என்ன இருக்கிறது? ஆனால் மறுபக்கம் மஃப்ளர் வரிசை சுண்டல் மெல்வதை நிறுத்திவிட்டது. ஒரு இருமல் கிடையாது. வேட்டியில் இருந்த நான் எழுந்து பெட்ரூம் கதவுப் பக்கம் நடந்தேன்.

"சார்! போனை வைங்க சார்! வெச்சிடுங்க!"

இரண்டாம் மாடி ரிட்டயர்ட் ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா எழுந்து நின்றுவிட்டார். வேட்டியைப் பார்த்துக் கத்துகிறார். நிஜமான நான் அவருக்கு ரெண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருக்கிறேன். என்னைப் பார்க்கவே இல்லை. அப்புறம் தெளிந்து, "ஸாரி, ஸாரி" என்று உட்கார்ந்து புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதன் பிறகு நடந்த மூன்று கொலையையும் மஃப்ளர் வரிசை அமைதியாகச் சுண்டல் சாப்பிட்டபடி பார்த்தது.

முடிந்ததும் பாப்பா துண்டுச் சீட்டு கொடுத்தாள், எது பிடித்தது, எதை வெட்டலாம் என்று எழுதச் சொல்லி. வாலிபர் சீட்டுகளில் 'க்ளைமாக்ஸ் ஓகே', 'மாஸ்க் மாத்தலாம்', அப்புறம் ஒருவர் பாக்கியில்லாமல் 'அந்தத் தாத்தா போன் சீன் லேக், கட் பண்ணலாம்'. பெரிசுகளின் சீட்டில் கொலைகளைப் பற்றி ஒரு வரி கிடையாது. 'போன் பேசும் காட்சி வேண்டாம், பார்க்க முடியவில்லை' என்று நாலு பேர். இஸ்திரிக்காரர் வாயால் சொன்னார், "அந்த எடம் என்னவோ பண்ணுது பாப்பா." என் அம்மா சொல்லச் சொல்ல மனைவி எழுதியது: 'என் பிள்ளை நன்றாக நடித்தான். கொல்ல வேண்டாம்.'

ராத்திரி 11 மணிக்கு பாப்பா மேஜையில் சீட்டுகளை ரெண்டு குவியலாகப் போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "ரெண்டு கட்சியும் அதே சீனைத்தான்ப்பா வெட்டச் சொல்றாங்க. ஒருத்தருக்கு போர் அடிக்குது. ஒருத்தருக்குத் தாங்க முடியல. எப்படிப்பா?"

எனக்குத் தெரியும் எப்படி என்று. பசங்களுக்கு அந்த மேஜைக்கு அடியில் ஒன்றும் இல்லை. பெரிசுகளுக்கு குண்டு அங்கேயே இருக்கிறது, அவரவர் சட்டைப் பையிலேயே. எனக்குத் தெரியும், ஆனால் நான் சொல்லவில்லை. "தூங்கும்மா, காலையில யோசிக்கலாம்" என்று எழுந்து போய்விட்டேன்.

பெட்ரூமில் விளக்கை அணைத்ததும் மனைவி இருட்டில் கேட்டாள்.

"எவ்வளவு?"

"என்னது எவ்வளவு?"

"உங்களுக்கு நடிக்க வராது. நம்ம கல்யாண வீடியோவுலயே கேமராவைப் பார்த்து முழிச்சிட்டு இருப்பீங்க. அந்தக் கதவைச் சாத்துனீங்க பாருங்க, அது நடிப்பு இல்லை. ஆடி மாசம் ஒரு நாள் பென்ஷன் விஷயமா பேசறேன்னு இதே கதவைத்தான் சாத்துனீங்க. எவ்வளவு போச்சு?"

ரொம்ப நேரம் ஃபேன் சத்தம் மட்டும்.

"1,60,000" என்றேன்.

சொல்லிவிடுகிறேன். ஆடி மாதம் ஒரு மத்தியானம் போன். உங்கள் ஆதார் நம்பரில் அனுப்பிய பார்சலில் போதைப் பொருள் பிடிபட்டிருக்கிறது என்றான். பிறகு வீடியோவில் யூனிஃபார்ம், பின்னால் கொடி, மேஜை. நீங்கள் டிஜிட்டல் அரெஸ்டில் இருக்கிறீர்கள், கேமராவை அணைக்கக் கூடாது, வீட்டில் யாரிடமும் சொல்லக் கூடாது, சொன்னால் அவர்களையும் சேர்க்க வேண்டி வரும் என்றான். 2 மணி 40 நிமிஷம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். சரிபார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புகிறோம் என்று சொல்லிப் பணத்தை மாற்றச் சொன்னான். மாற்றினேன். 2020-ல் விருப்ப ஓய்வில் வந்தபோது கிடைத்ததிலிருந்து, பாப்பாவின் மேல்படிப்புக்கு என்று எடுத்து வைத்தது.

தெரியாமல் ஏமாந்தேன் என்று சொல்லிக்கொள்ளவும் முடியாது. டிஜிட்டல் அரெஸ்ட் என்று சட்டத்தில் எதுவுமே கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே ரேடியோவில் சொன்னார். அந்தச் செய்தியை எங்கள் பென்ஷனர் குரூப்பில் ஃபார்வர்டு செய்து, கீழே 'உஷார் நண்பர்களே' என்று எழுதியது யார் தெரியுமா? ஹி... ஹி... அடியேன்தான். 34 வருஷம் ஊருக்கெல்லாம் போன் கொடுத்தவன், ஒரு போன்காலுக்குக் கதவைச் சாத்தினேன். அதை எந்த வாயால் வெளியே சொல்வது? ஐந்து மாதம் மென்று முழுங்கிக்கொண்டிருந்தேன்.

மனைவி அன்று ஒரு வார்த்தை திட்டவில்லை. (மறுநாளிலிருந்து மூன்று நாள் திட்டினாள், அது தனிக் கணக்கு.) காலையில் 1930-க்குப் போன் போட்டு, சைபர் கிரைமில் புகார் கொடுக்கக் கூட்டிப் போனாள். பணம் போன உடனே, அந்த ஒரு மணி, ரெண்டு மணி நேரத்துக்குள் கூப்பிட்டிருந்தால் அது கை மாறுவதற்குள் வங்கியில் முடக்கி வைக்க வழி உண்டு, ஐந்து மாதம் என்பது ரொம்பத் தாமதம் என்றார் அங்கிருந்தவர், மரியாதையாகவே. புகார் பதிவாகியிருக்கிறது. பணம் இதுவரை வரவில்லை.

பாப்பாவிடம் நானே சொன்னேன். அவள் படிப்புக்கு வைத்த பணம், சொல்லத்தானே வேண்டும்? கேட்டுவிட்டு ரொம்ப நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மெதுவாக, "அப்பா, இதைப் படமா பண்ணட்டுமா?" என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "என் மானத்தை மொட்டை மாடியில வேட்டி கட்டிக் காட்டணுமா?"

"ஏற்கெனவே காட்டியாச்சுப்பா. அந்த ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா ஏன் எழுந்து நின்னாங்கன்னு நினைக்கிறீங்க?"

அந்த அம்மாவுக்கும் வந்திருந்ததாம். பாதியில் மகன் வெளிநாட்டிலிருந்து வேறு போனில் கூப்பிட, அழுதுவிட்டாராம். அதனால் தப்பித்தார். எங்கள் 12 வீட்டில் பாப்பா மெதுவாக விசாரித்தபோது மஃப்ளர் வரிசையில் இன்னும் மூன்று பேருக்கு வந்திருக்கிறது. ஒருத்தரும் மற்றவரிடம் சொல்லவில்லை. தினம் சாயங்காலம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அரசியல் பேசுகிறவர்கள்.

நான் ரெண்டு நாள் யோசித்துச் சரி என்றேன். ஒரு நிபந்தனை, என் பேர் டைட்டிலில் வரக் கூடாது. (இப்போது பத்திரிகையிலேயே எழுதிவிட்டேன். மனுஷ மனசு!)

படம் தலைகீழாக மாறியது. முகமூடிக்காரன் அவுட். மூன்று கொலையும் அவுட். நான் 11 தடவை செத்ததெல்லாம் வீண். மிச்சம் 6 நிமிஷம். ஒரு கிழவர், ஒரு போன், ஒரு மூடின கதவு. கதவுக்கு வெளியே பாட்டி வெற்றிலை இடிக்கிற சத்தம், குக்கர் விசில், மனைவி 'என்னங்க, காபி' என்று ரெண்டு தடவை கூப்பிடுவது. அவ்வளவுதான். கிழவர் கதவைத் திறப்பாரா மாட்டாரா?

ஃபைலில் அந்தப் பக்கமும் மாறியது. முதல் ரசிகர், 55 வயதுக்கு மேல். சொந்த வீடு, பென்ஷன் அல்லது கொஞ்சம் டெபாசிட். வாட்ஸ்அப்பில் எது வந்தாலும் கடைசிவரை பார்க்கிற பொறுமை உள்ளவர். இரண்டாவது ரசிகர், அவருடைய பிள்ளைகள், போனில் 'சாப்டாச்சா' மட்டும் கேட்டுவிட்டு வைப்பவர்கள். ரசிகர் மாறினால் படத்தில் என்னவெல்லாம் மாறுகிறது என்று அப்போதுதான் பார்த்தேன். இங்கிலீஷ் டைட்டில் போய்த் தமிழ் வந்தது. எழுத்தெல்லாம் பெரிசாயிற்று. பேச்சு காதில் விழ வேண்டும் என்று மியூசிக்கைப் பாதியாகக் குறைத்தார்கள். படபடவென்று வெட்டின ஷாட்டுகளை நிதானப்படுத்தினார்கள். கேமரா பையன்தான் கடைசிவரை சமாதானம் ஆகவில்லை. "பெரிசுங்களுக்கா படம் எடுத்தோம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அப்புறம் ஊரிலிருக்கும் அவன் அப்பாவுக்கு அனுப்பினான். அப்பா என்ன சொன்னார் என்று எங்களிடம் அவன் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

வாத்தியார் நோட்டைப் புரட்டி, நீல முகக் கணக்கைப் பார்த்துவிட்டு, 100-க்கு 78 போட்டார். மிச்சம் 22 ஏன் போயிற்று என்று விசாரித்தால், அதில் பாதிக்கு நான்தான் காரணம். ஒரு ஷாட்டில் பின்னால் தினசரி காலண்டர் 14, அடுத்த ஷாட்டில் 15. காலையில் எழுந்ததும் தேதி கிழிப்பது 30 வருஷப் பழக்கம் சார், ஷூட்டிங் என்று கைக்குத் தெரியுமா?

போன வாரம் என் செல்போன் அடித்தது. புது நம்பர்.

"சார், கூரியர்லேருந்து பேசறேன். உங்க பேர்ல ஒரு பார்சல்..."

"போனை வைடா!" இது ஊஞ்சலிலிருந்து என் அம்மா. "வைங்க!" இது அடுப்படியிலிருந்து மனைவி. "அப்பா, வைங்கப்பா!" பாத்ரூமிலிருந்து டைரக்டர். வைத்துவிட்டேன். மறுபடி அடித்தது. வைத்தேன். மூன்றாவது தடவை போன் இல்லை, வாசல் மணி. சங்கிலியைப் போட்டுக்கொண்டு கதவை ஒரு விரல் அகலம் திறந்தேன். இடுக்கில் ஒரு பையன், வேர்த்துக் கொட்ட, கையில் டப்பா.

"சார்... நிஜமாவே கூரியர் சார்."